செப்புக் குண்டுகள்

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் தென் நடுவில் கடற்கரையே இல்லாத நாடு ஒன்று உண்டு. எட்டு நாடுகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. சாம்பசி என்னும் பேராறு அந்நாட்டில் பாய்கிறது. ஆற்றின் பெயரால் நாடும் சாம்பியா எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் வட ரொடீசியா என வழங்கிய அந்நாடு, 1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் விடுதலை பெற்றது. அதன் வடபால், காங்கோ நாட்டின் எல்லையை ஒட்டி, மண்ணுக்கு அடியில் செம்பு மிகுதியாகப் படிந்து கிடக்கிறது. அப்பகுதிக்குச் செம்புப் பட்டை என்றே பெயர். கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா முதலிய ஊர்கள் சுரங்கங்களால் எழுந்து, சுரங்கங்களால் வாழ்ந்தவை.

சுரங்கத்தில் உழைப்போர்க்கு மாலையில் ஓர் இளைப்பாறல் வேண்டும் அன்றோ? சுரங்க நிறுவனங்கள் ஊர்தோறும் கால்பந்துக் கழகங்களைப் பேணி வளர்த்தன. நல்ல ஆட்டக்காரனுக்குச் சுரங்கத்திலேயே வேலையும் கொடுத்தன. பகலில் செம்பு தோண்டியவர்களும் அவர்தம் மக்களும் மாலையில் பந்து உதைத்தனர். நாட்டு அணியில் இடம் பெற்ற பலர் இவ்வூர்களிலிருந்து வந்தவர்களே. பெம்பா என்னும் அந்நாட்டு மொழியில் சிப்போலோபோலோ என்றால் துப்பாக்கிக் குண்டு என்பது பொருள். செம்பு விளையும் நாட்டின் வீரர் ஆதலால் செப்புக் குண்டுகள் என்று அவர்களை மக்கள் அழைத்தனர். இப்பெயர் பிற்காலத்தது. முதற் குடியரசுத் தலைவராகிய கென்னத் கவுண்டா கால்பந்தில் பெருங்காதல் கொண்டவர். அவர் ஆட்சிக் காலத்தில் அணிக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளே பெயராக வழங்கின. ஆள்வோர் மாறினால் இத்தகைய பெயர்களும் மாறும். மண்ணில் விளைந்த செம்பின் பெயர் நிலைத்து விட்டது.

ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பைக்கான போட்டி 1957-இல் சூடான் நாட்டின் கார்ட்டூம் நகரில் தொடங்கிற்று. அவ்வாண்டு எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளே ஆடின. சாம்பியா அப்பொழுது விடுதலை பெறவில்லை. விடுதலை பெற்றுப் பத்தாம் ஆண்டில், 1974-இல் எகிப்தில் நடந்த போட்டியிலேதான் அந்நாட்டு அணி முதன்முறையாக இடம் பெற்றது.

முதன்முறை வந்தவர்கள் என்று எவரும் அவர்களை எளிதாக எண்ணியிருக்கலாம். ஆனால் அவர்கள் அரையிறுதியில், முந்தைய கோப்பையை வென்றிருந்த காங்கோ அணியை 4-2 என வீழ்த்தினர். கெய்ரோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது, செம்புப் பட்டைக்கு அப்புறத்து நாடாகிய சயீர். (பந்து வாயிலுக்குள் புகுவதைக் கோல் என்கிறோம். தமிழில் கோல் என்பதற்கு வேறு பொருள் உண்டு. ஆயினும் ஆடுகளத்தில் சிறுவர் வழங்கும் சொல்லையே ஈண்டும் கொள்வோம்.) சாம்பியாவே முதலில் கோல் அடித்தது. பின்னர்ச் சயீரின் முலாம்பா என்னும் வீரர் அதனைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அவரே மற்றொரு கோலும் அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், இனி ஒன்றும் இல்லை என்று இருந்தபோது, சாம்பியாவின் சின்யாங்வே பந்தைப் புகுத்தி 2-2 எனச் சமனாக்கினார். மீண்டும் ஒரு முறை ஆடித் தீர்ப்பதே அன்றைய முறை. இரு நாள் கழித்து அதே நகரில் நடந்த மறு ஆட்டத்தில் முலாம்பா மேலும் இரு கோல்கள் அடித்தார். சாம்பியா 0-2 எனத் தோற்றது. அந்த ஒரு போட்டித் தொடரில் முலாம்பா அடித்தவை 9 கோல்கள். அவ்வளவு கோல்களை ஒரே தொடரில் அடித்தவர் அவருக்குப் பின்னும் இல்லை. தோல்விதான், எனினும், அப்படிப்பட்ட ஒருவரிடம் தோற்றதில் இழிவு இல்லை.

அதன்பின் 1982-இலும் 1990-இலும் மூன்றாம் இடம் கிட்டிற்று. கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. ஆயினும் 1988-ஆம் ஆண்டில், சியோல் ஒலிம்பிக் விளையாட்டில், இத்தாலி நாட்டு அணியைச் சாம்பியா 4-0 என்று வென்றது. கால்பந்தில் இத்தாலியின் பெருமையை அறிந்தவர்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும். அந்நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் கலூஷா புவால்யா என்னும் இளைஞர், முஃபுலிராவில் பிறந்தவர். அவ்வாண்டில் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பும் அவரைச் சேர்ந்தது. அவரோடு வளர்ந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. இவர்கள் காலத்தில் கோப்பையும் வரும், உலகக் கோப்பைப் போட்டியில் நுழையும் பேறும் கிட்டும் என்று நாட்டு மக்கள் நம்பினர்.

வீரம் வளர்ந்தது, நாட்டின் செல்வமோ தேய்ந்தது. 1970-களின் நடுவில் உலகச் சந்தையில் செம்பின் விலை வீழ்ந்தது. செம்பையே நம்பியிருந்த நாடு கடனில் ஆழ்ந்தது. தொலைநாடுகளுக்கு ஆட்டக்காரரைப் பயணிகள் விமானத்தில் அனுப்பப் பணம் இல்லை. ஆதலின் வான்படைக்கு உரிய பழைய விமானம் ஒன்றிலே அவர்களை ஏற்றி அனுப்பினர். நெடுந்தூரம் இடைநில்லாமல் பறக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு செல்ல வேண்டும். விரைவில் செல்லும் ஊர்தியன்று. வீரரின் உடலை நோவச் செய்யும் ஊர்தி.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அவ்வணி மொரீஷியஸ் தீவில் ஆடி 3-0 என வென்றது. மூன்று கோல்களையும் கெல்வின் முட்டாலே என்பவர் அடித்தார். அங்கிருந்து நாடு திரும்பியதும் ஓய்வின்றி அடுத்த பயணம். உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிக்காக மேற்குக் கோடியிலுள்ள செனகல் நாட்டுக்குச் செல்ல வேண்டும். 27-ஆம் நாள் லுசாகாவிலிருந்து புறப்பட்ட விமானம் காங்கோவின் பிரசாவில் நகரில் இறங்கியது. பின் காபோன் நாட்டின் தலைநகராகிய லீபர்வில்லில் இறங்கியது. இரவில் அங்கிருந்து எழுந்த சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. கரைக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவிலேதான் விழுந்தது. விமானத்தில் இருந்த 30 பேரும் மாண்டனர். அவர்களுள் 18 பேர் ஆட்டக்காரர். இரு நாளைக்கு முன் மூன்று கோல்கள் அடித்த முட்டாலேயும் அவர்களுள் ஒருவர். சாம்பியாவின் பழைய பெருவீரரும், அன்று பயிற்சியாளராய் இருந்தவருமான காட்ஃப்ரே சிட்டாலுவும் உடன் மாண்டார். கடலில்லா நாட்டின் பிள்ளைகளை அயல்நாட்டுக் கடல் விழுங்கிற்று.

இதனை ஊழ் என்று சொல்லி அமைவார் உண்டு. அங்ஙனம் சொல்வது பொருந்தாது. அவ்விமானம் பல திங்கள் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதும், பயணத்தின் தொடக்கத்திலேயே பொறியில் குறை தென்பட்டது என்பதும், அவ்வாறிருந்தும் பயணம் தொடர்ந்தது என்பதும் பின்னர்த் தெரிந்தன. 2003-இல் வெளியான ஆய்வுரை கூறுவது இது: இடப்புறப் பொறி தீப்பற்றிச் செயலற்றது; விமானி தவறுதலாக நன்றாய் இருந்த வலப்புறப் பொறியை நிறுத்திவிட்டார்; பழுதுற்ற எச்சரிக்கை விளக்கு ஒன்றும் அவரது களைப்பும் அத்தவற்றுக்குக் காரணமாயின. முதல் நாள்தான் மொரீஷியஸிலிருந்து அணியை ஓட்டி வந்தவரும் அவரே. ஊருக்கு உழைத்த இளைஞரைப் பழுதான ஊர்தியில் ஏற்றியதும், களைத்தவன் கையில் அதனைக் கொடுத்ததும் மனிதர் செயல்களே. இவ்வாய்வுரைக்காக மாண்டவரின் குடும்பத்தார் பத்தாண்டுகள் காத்திருந்தனர் என்பது துயரத்தின்மேல் ஒரு துயரம்.

மாண்டோர் உடல்களை நாட்டுக்குக் கொணர்ந்து, லுசாகாவில் விடுதலை அரங்கம் எனப்படும் ஆடுகளத்தின் அருகே அடக்கம் செய்தனர். வீரர் நிலம் என்று அவ்விடத்துக்குப் பெயர். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய வழக்கம் நம் நாட்டில் இருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். வீரர் வீழ்ந்த செய்தியைச் சொல்லி நிற்பது அந்நிலமும். அருகிலோ, அடுத்த தலைமுறை ஆடும் களம்.

கலூஷா புவால்யா அவ்விமானத்தில் இல்லை. அவர் நெதர்லாந்து நாட்டுக் கழகம் ஒன்றில் ஆடி வந்தார். அங்கிருந்தே நேராகச் செனகலுக்கு வந்து சேர்வதாக ஏற்பாடு. அதனால் உயிர் பிழைத்தார். உடன் ஆடியவர் பலரும் போக, எஞ்சி நிற்பது எத்தகைய நிலை! தலைவனை இழந்தவர் செயலற்று வருந்துவதைக் கையறுநிலை என்னும் துறையாக நம் இலக்கணம் வகுத்துள்ளது. இங்கோ தலைவன் நிற்க, படை போயிற்று. அவர் கையற்று அமர்ந்துவிடவில்லை. நாடு முழுதும் தேடி இளைஞர்களைக் கூட்டினர். டென்மார்க்கு நாடு அழைத்துப் பயிற்சி அளித்தது. பெருநகர் காணாத இளைஞர் பலர் அவ்வணியில் இருந்தனர். அவர்களுக்குக் கலூஷா தலைவரானார்.

அழிவு நேர்ந்து மூன்று திங்கள் முடியுமுன், 1993 சூலை 4-ஆம் நாள், புதிய அணி லுசாகாவில் மொராக்கோவை எதிர்த்து ஆடிற்று. முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியிருந்து, பின்னர் 2-1 என வென்றது. தமக்கு அருகில் புதைகுழிகளின் மண் இன்னும் காயாமல் இருக்க, அவ்வரங்கில் கூடியிருந்த மக்கள் அழுதனரோ ஆர்த்தனரோ, இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆயினும் உலகக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பு ஒரே ஒரு புள்ளியால் தவறிற்று. மொராக்கோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றனர்.

ஆப்பிரிக்கக் கோப்பைக்கான தகுதியை மட்டும் பெற்றனர். 1994-இல் துனீசியாவில் அப்போட்டி நடந்தது. ஓராண்டுக்கு முன் அணியே இல்லாத நாடு, ஐவரி கோஸ்ட்டையும் செனகலையும் வென்று, அரையிறுதியில் மாலி நாட்டை 4-0 என்று வீழ்த்தி, இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது. எதிரே நைஜீரியா. ஆட்டம் தொடங்கிய நான்காம் நிமிடத்தில் சாம்பியாவின் லித்தானா தலையால் முட்டிப் பந்தைப் புகுத்தினார். அந்த மகிழ்ச்சி அடங்குமுன்பே நைஜீரியாவின் அமுனிக்கே சமன் செய்தார்; இடைவேளைக்குப் பின் அவரே மற்றொன்றும் அடித்தார். 1-2 எனச் சாம்பியா தோற்றது. என் கருத்தில் சாம்பியா பெற்ற வெற்றிகள் எல்லாவற்றினும் இத்தோல்வி பெரிது.

1996-இல் மூன்றாம் இடம்; அத்தொடரில் மிகுதியான கோல்கள் அடித்தவர் கலூஷாவே. அதன்பின் நெடுங்காலம் சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை. போவர், முதற் சுற்றோடு திரும்புவர். 2010-இல் அங்கோலா நாட்டில், பிரெஞ்சுக்காரராகிய எர்வே ரெனார் பயிற்சியளித்த அணி கால் இறுதிவரை சென்று, தண்ட உதையில் நைஜீரியாவிடம் தோற்றது.

2012-ஆம் ஆண்டின் போட்டியை எக்குவடோரியல் கினியாவும் காபோனும் இணைந்து நடத்தின. சாம்பியா ஆட வேண்டிய இடங்கள் எல்லாம் எக்குவடோரியல் கினியாவில் அமைந்தன. இறுதியாட்டம் ஒன்று மட்டும் காபோனில், அதுவும் லீபர்வில்லில். வென்றுகொண்டே போனால் அல்லாமல், தம் முன்னோர் மாண்ட கரையை அவ்வணி காண முடியாது. அந்நாளில் கலூஷா நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவராய் இருந்தார். அணியின் தலைவர் கிறிஸ்டோபர் கட்டோங்கோ. விமானம் விழுந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவர். அணியில் இருந்த வேறு சிலர் அன்று மழலை பேசும் குழந்தைகள்.

முதல் ஆட்டத்திலேயே செனகலை 2-1 என வென்றனர். லிபியாவுடன் சமன்; எக்குவடோரியல் கினியாவை வென்றனர்; கால் இறுதியில் சூடானை 3-0 என வென்றனர். அரையிறுதியில் எதிர்த்தது கானா. தொடக்கத்திலேயே கானாவுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது. அதனைக் கோல் காவலர் கென்னடி முவீனே தடுத்தார். மாற்று வீரராக இறங்கிய மயூக்கா ஒரே கோல் அடித்தார். 1-0. லீபர்வில்லுக்கு வழி திறந்தது.

அந்நகர் சேர்ந்ததும், ஆடுகளம் செல்லுமுன் அவர்கள் கடற்கரைக்குச் சென்றனர். கலூஷாவும் உடன் சென்றார். விமானம் விழுந்த கடலை நோக்கி நின்று மலர்களை இட்டு வணங்கினர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தம் தோழரை இழந்த ஒருவரும், அவர்களை நேரிற் கண்டறியாத இளைஞரும் ஒரே வரிசையில் நின்றனர்.

பிப்ரவரி 12-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே ஐவரி கோஸ்ட். டிராக்பா, தூரே உடன்பிறப்பாளர், ஜெர்வினோ என ஐரோப்பியக் கழகங்களில் புகழ் ஈட்டிய பெருவீரர் நிறைந்த அணி அது. அத்தொடர் முழுதும் ஒரு கோலும் அவர்கள் வாங்கவில்லை. அவர்களே வெல்வர் என்று பலரும் கருதினர். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சாம்பியாவின் தடுப்பு வீரர் சோசப் முசோண்டா காலில் அடிபட்டு, அழுதுகொண்டே களத்தை விட்டு நீங்கினார். இடைவேளைக்குப் பின் ஐவரி கோஸ்டுக்குத் தண்ட உதை கிடைத்தது. உதைத்தவர் டிராக்பா, பந்து சட்டத்துக்கு மேலே பறந்து போயிற்று. இரு மணி நேரம் ஆடியும் இரு பக்கத்திலும் கோல் இல்லை.

தண்ட உதையால் முடிவு காண வேண்டியதாயிற்று. ஐந்து ஐந்தாக உதைத்து, அதிலும் சமன் என்றால் ஒவ்வொன்றாய்த் தொடர்வது முறை. இரு பக்கத்தாரும் ஏழு உதைகள்வரை தவறவில்லை. சாம்பியாவின் கோல் காவலர் முவீனேயே வந்து ஓர் உதையைக் கோலாக்கினார். எட்டாவதில் கோலோ தூரே உதைத்ததை முவீனே தடுத்தார். இனி ஒன்று புகுந்தால் வெற்றி! உதைக்க வந்த கலாபா பந்தைச் சட்டத்துக்கு மேலே அனுப்பிவிட்டார். ஒன்பதாவதில் ஜெர்வினோவும் வெளியே உதைத்தார். அடுத்து வந்தவர் ஸ்டோபிலா சுன்சு, இருபத்திரண்டு வயதினர். களத்தின் நடுவில் மண்டியிட்டிருந்த தோழர்கள் பாடிக்கொண்டிருந்தனர். அவரும் பாடிக்கொண்டே நடந்து வந்து உதைத்தார். பந்து வலைக்குள் சேர்ந்தது. 8-7. விடுதலை பெற்ற நாற்பத்தெட்டாம் ஆண்டில், 1974-இல் கைநழுவிய கோப்பை கைக்கு வந்தது. ஒரு கோலும் வாங்காத அணி கோப்பையை இழந்தது என்பதும் விளையாட்டின் விந்தைகளுள் ஒன்று.

எல்லாரும் துள்ளி ஓடியபோது, நடக்க இயலாத முசோண்டா ஓரத்தில் இருந்தார். பயிற்சியாளர் ரெனார் அவரைத் தம் இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு சென்று தோழரிடையே சேர்த்தார். (இதே ரெனார் 2015-இல் ஐவரி கோஸ்ட் அணிக்குப் பயிற்சியளித்து அவர்களுக்கும் இக்கோப்பையை வாங்கித் தந்தார்.) மறுநாள் லுசாகாவில் அணியை வரவேற்கத் திரண்ட மக்கட்கடல், அந்நாடு கண்ட ஒரே கடல் எனலாம்.

அதன்பின் ஏற்றம் நிலைக்கவில்லை. 2013-இல் மூன்று ஆட்டங்களிலும் சமன் செய்து முதற் சுற்றோடு திரும்பினர், 2015-இலும் முதற் சுற்றோடே திரும்பினர். 2017, 2019, 2021 ஆகிய தொடர்களுக்குத் தகுதி பெறவே இல்லை. 2024 சனவரியில், ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த போட்டியில், மீண்டும் களம் இறங்கினர். முதல் ஆட்டத்தில் எதிர்த்து நின்றது காங்கோ மக்களாட்சிக் குடியரசு. சயீர் என்று முன்னர்ப் பெயர் பெற்றிருந்த நாடு அதுவே. கெய்ரோவில் இரு முறை ஆடி ஐம்பது ஆண்டுகள் நிறையும் தறுவாயில், அவ்விரு செம்பு நாடுகளும் ஆளுக்கொரு கோல் அடித்துச் சமனாகப் பிரிந்தன.